மாப்பிள்ளை எடுத்த மந்திரம்

பெண் பார்க்க வருகிறவனைப் பெண்ணும் கொஞ்சம் உரசிப் பார்ப்பது ஊர் வழக்கம்தான், அதில் யாருக்கும் குறை இல்லை. ஆனால் ரெனீ வைத்த சோதனை போல ஒன்றைத் தானா ராத்தா மலையூர் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கமருஸ்ஸமான் சாப்பாட்டுக் கடையின் மாடிக்கு வர வேண்டும். அங்கே ஒரு மேசையில் அவளோடும் அவள் கூட்டாளிகளோடும் உட்கார்ந்து மந்திரவாதியாக மாற வேண்டும். எந்த மந்திரத்தை எடுக்கிறான் என்று பார்த்த பிறகுதான் ரெனீ வாயைத் திறப்பாள்.

பயப்பட வேண்டாம், அது விளையாட்டு. கடைக்காரர் மகன் சைஃபுல் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். சைஃபுலின் தங்கை ஃபாரா அதில் திருடி. திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிற எல்வின், ரெனீயின் தம்பி, ஊர் ஊராகப் பாடித் திரிகிற பாணன். அவனுக்குச் சுருதி என்றால் கிலோ என்ன விலை. ரெனீயோ கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற, குரல் உயர்த்தாத பெண். மேசைக்கு வந்துவிட்டால் ஏழடி உயரக் கோடாலிக்காரி. நல்லவர்களைக் கூட நெற்றியைச் சுருக்கித்தான் பார்ப்பாள்.

மந்திரவாதியாக இருந்த டெரன்ஸ் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து அந்த நாற்காலி காலி. அதில் உட்காருகிறவன் முதலில் தன் மந்திரத்தின் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தீ உண்டு. கண்கட்டு உண்டு. நடக்கப்போவதைச் சொல்லும் குறி உண்டு. அடுத்தவர் மனசை வளைக்கும் வசியம், கூட்டாளிகளைக் காக்கும் காப்பு, செத்தவர்களை எழுப்பும் பிணவித்தை எல்லாம் உண்டு. எடுத்தபின் மாற்ற முடியாது. அந்த மாற்ற முடியாது என்பதுதான் ரெனீக்குப் பிடித்த இடம். கல்யாணம் மட்டும் என்ன வாழுதாம் என்பாள்.

முதலில் வந்தவனுக்கு ஈப்போவில் பேங்க் வேலை. தீ எடுத்தான். எடுத்த சூட்டோடு ஒரு சத்திரத்தை, உள்ளே ஆள் இருக்க, கொளுத்திவிட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தான். இரண்டாவது வந்தவனுக்கு லெம்பா பெர்த்தாமில் சொந்தத் தோட்டம், கையில் தடிமனான கடிகாரம். வசியம் எடுத்தான். இதைக் கோடாலிக்காரி மேல் போட முடியுமா என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. கோடாலிக்காரி அவனை என்ன செய்தாள் என்று சொன்னால் நன்றாக இருக்காது. இரண்டு பேரும் இறங்கிப் போனதும் சைஃபுல் அந்தந்த மந்திரவாதியைக் கிணற்றில் தள்ளிக் கதையை முடித்துவிட்டான்.

"வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைய சாப்பாட்டுக் கட மாடில உக்கார வச்சு தாயம் உருட்டச் சொல்ற பொண்ண எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்று ரெனீயின் அம்மா பார்பரா லைன் வீடுகளில் இருந்த ஒருவர் விடாமல் கேட்டாள். மகளிடம் வேறு மாதிரிச் சொன்னாள். "மூணாவதா ஒரு பையன் வர்றான். இவனையும் தட்டிவிட்டன்னா, நா இனி ஒனக்காக ஒருத்தர் வாசப்படி ஏற மாட்டேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம் அவங்கம்மா நம்ம வீட்டுக்கு டீ குடிக்க வர்றாங்க. அப்ப எனக்குப் பதில் வேணும்."

மூன்றாவது பையன் கொர்னேலியஸ். மலைக்கு அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஃபீல்டு கண்டக்டர். வயசானவர்கள் இன்னும் கங்காணி என்றுதான் சொல்வார்கள். ரெனீ அவனை ஒரு தடவை பார்த்திருக்கிறாள். குளவி கொட்டி முகம் வீங்கிப்போன ஒரு பங்களாதேஷ்காரனை அவன்தான் கிளினிக்குக்குக் கூட்டி வந்தான். மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடாமல், வீக்கம் இறங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, தெரியாத பாஷையில் அந்த ஆளுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்கே ரெனீக்கு அவனைப் பிடித்துப்போனது. பயம் வந்ததும் அதனால்தான். பிடிக்காதவனை வேண்டாம் என்று சொல்வதில் என்ன கஷ்டம்? பிடித்தவனிடம் சரி என்று சொல்லிவிட்டு, அவன் பிறகு ஞாயிற்றுக்கிழமையையும் கோடாலியையும் பிடுங்கிக்கொண்டால் யாரிடம் போய் அழுவது? அதனால் இந்தச் சோதனை அவளுக்கு விளையாட்டே இல்லை.

ஞாயிறு காலை பூசைக்குப் புறப்பட்டபோது, லைனில் மூன்றாவது வீட்டு மணியம்மா துணி காயப்போட்டுக்கொண்டே கூப்பிட்டாள்.

"ரெனீ, ஒண்ணும் யோசிக்காத. பையன் காப்பு எடுத்துருவான்."

ரெனீக்கு நடை நின்றுவிட்டது. "என்ன அத்தை சொல்றீங்க?"

"அதான்லா, மந்திரம். தீ எடுத்தா கோவக்காரன், வசியம் எடுத்தா பொம்பளப் பொறுக்கி, கண்கட்டு எடுத்தா பொய்யன். காப்புதான் குடும்பத்துக்கு ஆகும். லைன்ல எல்லாரும் பேசி முடிவு பண்ணித்தான் ஒந்தம்பி கிட்ட சொல்லி அனுப்பிச்சோம். எங்க வீட்டுக்காரரு மட்டும் குறி நல்லதுன்னாரு. லாட்டரிக்கு நாலு நம்பர் சொல்லுமாம்."

ரெனீ பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு லைனே உட்கார்ந்து மந்திரங்களை அலசி ஆராய்ந்திருக்கிறது. தோட்டத்துச் சங்கக் கூட்டத்தில் கூட இவ்வளவு ஒற்றுமை கிடையாது. எல்வினைக் கோயில் வாசலில் பிடித்து உலுக்கியதில், அவன் அரை நிமிஷம் கூடத் தாங்கவில்லை.

"அம்மாதான்க்கா சொல்லச் சொன்னாங்க. நல்ல மனுஷன்க்கா அவரு. ஒரு வார்த்த தெரியாம போய் மாட்டிக்கக் கூடாதுல்ல?"

கேள்வித்தாள் வெளியாகிவிட்ட பரீட்சை. அவன் காப்பு என்று சொன்னால், அது அவன் சொன்னது ஆகாது, மணியம்மா சொன்னதாகும். சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்கிற கிளியோடு காலம் தள்ள ரெனீக்கு விருப்பமில்லை. காப்பு என்று வாயைத் திறந்தால் முடிந்தது கதை என்று முடிவு செய்துகொண்டாள். முடிவு செய்த பிறகு அவளுக்கு அழுகை வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

கொர்னேலியஸ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, டெரன்ஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். மழை தகரத்தில் கொட்டியது. கீழே ரொட்டி தட்டும் சத்தம். சைஃபுல் ஆறு மந்திரங்களையும் விளக்கினான். எல்வின் கண்ணை அகல விரித்து, புருவத்தைத் தூக்கி, தனக்குத் தெரிந்த எல்லாச் சாடையும் காட்டினான்.

"சொல்லுங்க ப்ரோ, எது?" என்றான் சைஃபுல்.

கொர்னேலியஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான். "எல்லாரும் காப்பு எடு, காப்பு எடுன்னு சொன்னாங்க. எல்வின் சொன்னாரு. எங்க ஃபேக்டரி வாச்மேன் கூட சொன்னாரு, அவருக்கு எப்படித் தெரியும்னு தெரியல. நல்ல மந்திரமாத்தான் இருக்கும். ஆனா வேல என்னன்னு தெரியாம எப்படி எடுக்கறது? இப்ப நாம எங்க நிக்கறோம், மொதல்ல அதச் சொல்லுங்க."

எல்வின் மேசைக்கடியில் அவனை உதைத்தான். உதை ஃபாராவுக்கு விழுந்தது. ரெனீ சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சைஃபுல் குரலைத் தாழ்த்திக் கதையை எடுத்தான். மலைக் கணவாய். அதற்கு அப்பால் பாழடைந்த கோட்டை, கோட்டைக்குள் தங்கக் கிண்ணம். அந்தக் கிண்ணத்தைத் தேடித்தான் பாணனும் திருடியும் கோடாலிக்காரியும் எட்டு மாதமாக அலைகிறார்கள். ஆனால் கணவாயில் மண் சரிந்து பாதையை மூடிவிட்டது. பொழுது சாய்ந்தால் ஓநாய்ப் படை வந்துவிடும். பாதையோரம் ஒரு பழைய போர்க்களம், செத்த வீரர்கள் புதைந்து கிடக்கிறார்கள்.

"மண்ணு எவ்வளவு?"

"மலையில பாதி."

"நம்ம ஆளு?"

"நாலு பேரு."

கொர்னேலியஸ் உதட்டைப் பிதுக்கினான். "நாலு பேர வச்சு ஒண்ணும் நடக்காது. அந்தச் செத்தவங்கள எழுப்பற மந்திரம் எடுத்தா எத்தன ஆளு கெடைக்கும்?"

பிணவித்தையை அந்த மேசையில் இதுவரை ஒருத்தரும் தொட்டதில்லை. தொடுகிறவன் கொடுங்கோலன், இல்லாவிட்டால் கிறுக்கன் என்று சைஃபுலே முடிவு கட்டி வைத்திருந்தான். ஆனால் கொர்னேலியஸ் கண்ணுக்குப் பேயும் படவில்லை, பிசாசும் படவில்லை. தினம் விடிந்தால் ஆள் பற்றாக்குறை, வெளிநாட்டு ஆட்களுக்குப் பெர்மிட் வரவில்லை, கொழுந்து முற்றிப்போகிறது என்று மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவன் அவன். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சும்மா கிடக்கிற கைகள்தான்.

"பகடைய உருட்டுங்க," என்றான் சைஃபுல். விழுந்தது நல்ல எண். "ஏழு எலும்புக்கூடு எழுந்து நிக்குது."

"இவங்களுக்கு பெர்மிட் வேணுமா?"

"வேணாம் ப்ரோ."

"தங்கறதுக்கு வீடு?"

"அதான் குழி இருக்கே."

கொர்னேலியஸ் முகம் அப்படியே மலர்ந்துபோனது. ஃபாரா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ரெனீக்கும் சிரிப்பு முட்டியது, ஆனால் அடியில் ஒரு முள் குத்தியது. பெர்மிட் வேண்டாம், வீடு வேண்டாம், எதிர்த்துப் பேச வாயும் கிடையாது. அப்படி ஆள் கிடைத்தால் பூரித்துப்போகிற மனுஷனா இவன்?

"சரி, பெரட்டு எடுத்துறலாம்," என்றான் கொர்னேலியஸ். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பேர். "ஒவ்வொருத்தரு பேரும் என்ன?"

சைஃபுல் விழித்தான். எட்டு வருஷமாகக் கதை சொல்கிறான், எலும்புக்கூட்டின் பேரை ஒருவர் கேட்டதில்லை. "பேரெல்லாம் இல்ல ப்ரோ. எலும்புக்கூடுதான்."

"பேரில்லாம எப்படிக் கூப்பிடறது? டேய்னா கூப்பிடறது? அதெல்லாம் தப்புங்க."

சைஃபுலுக்கு வியர்த்துவிட்டது. ராட்சசனுக்கும் ராஜகுமாரிக்கும் நாக்கு சுளுக்குகிற பேரெல்லாம் வைப்பவன், அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னான். "அமிர்தலிங்கம். பழனியப்பன். அப்பறம் புவனேஸ்வரன்." மிச்சப் பேருக்குக் கீழே ரொட்டி போடுகிறவர்களின் பேரையே வைத்தான்.

கொர்னேலியஸ் வேலையைப் பிரித்தான். மூன்று பேர் பாறை நகர்த்த, இரண்டு பேர் கூடை சுமக்க, ஒருத்தர் மேட்டில் நின்று மறுபடி மண் சரிகிறதா என்று பார்க்க. பத்து மணிக்கு டீக்கு ஒரு நிறுத்தம்.

"எலும்புக்கூடு டீ குடிக்காதுங்க," என்றாள் ஃபாரா.

"குடிக்காட்டி பரவால்ல. வேல நிக்கணும்."

"இந்தப் புவனேஸ்வரனுக்கு ஒரு கை இல்ல," என்றான் சைஃபுல். அவனுக்கும் குஷி ஏறிவிட்டது. "போர்ல வெட்டுப்பட்டது."

"அப்படின்னா லைட் டூட்டி. நெழல்ல உக்காந்து கூடைய எண்ணட்டும்."

"செத்தவனுக்கு எம்.சி. லீவு குடுக்கற மந்திரவாதிய இப்பதான் பாக்கறேன்," என்று ஃபாரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எல்வின் மட்டும், அம்மாவிடம் என்ன சொல்வது என்ற கவலையில், இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் ரெனீ முதல் தடவையாக வாயைத் திறந்தாள். கேட்டது கோடாலிக்காரியா ரெனீயா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இவங்கள்லாம் வர்றோம்னு சொன்னாங்களா?"

கொர்னேலியஸ் நிமிர்ந்து பார்த்தான். "எங்க?"

"வேலைக்கு. தூங்கிட்டு இருந்தவங்கள எழுப்பி நிறுத்தியிருக்கீங்க. பேரு கேட்டீங்க. வர்றியான்னு கேட்டீங்களா?"

"மந்திரத்துக்குக் கட்டுப்பட்டவங்க ரெனீ," என்று சைஃபுல் குறுக்கே வந்தான். "அவரு சொன்னா செஞ்சுதான் ஆகணும். சட்டம் அது."

கொர்னேலியஸுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. சமாளிப்பான் என்று ரெனீ காத்திருந்தாள். சட்டம்தானே என்பான், இல்லாவிட்டால் விளையாட்டுத்தானே என்பான், ஆண்கள் வழக்கமாக நழுவுகிற சந்து எத்தனையோ இருக்கிறது. அவன் கையிலிருந்த பகடையை மேசையில் வைத்தான்.

"கேக்கல," என்றான். "ஆளு இல்லன்னு சொன்னதும் புத்தி அதுலயே போயிடுச்சு. தப்புதான். இப்பக் கேக்கலாமா?"

"கேளுங்க," என்றான் சைஃபுல், ஏற்ற இறக்கமெல்லாம் மறந்துபோய்.

கொர்னேலியஸ் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கேட்டான். சைஃபுல் ஒவ்வொருவருக்கும் பகடை உருட்டினான். பழனியப்பன் வேலை செய்கிறேன் என்றார். அமிர்தலிங்கம், என்னை விட்டுவிடுங்கள், அலுப்பாக இருக்கிறது, படுத்துக்கொள்கிறேன் என்றார். புவனேஸ்வரனும் அதையே சொன்னார். கேட்டு முடித்தபோது ஏழில் நாலு பேர் படுத்துக்கொண்டார்கள்.

"சரிங்க. படுத்துக்கங்க," என்றான் கொர்னேலியஸ். "எழுப்புனதுக்கு மன்னிச்சிருங்க."

மிச்சம் மூன்று எலும்புக்கூட்டையும் நாலு மனுஷரையும் வைத்துக்கொண்டு மலையில் பாதி மண்ணை அள்ள முடியுமா? பொழுது சாய்ந்தது, ஓநாய்கள் வந்தன. கோடாலிக்காரி ஒற்றை ஆளாய் நின்று வெட்டி, கூட்டாளிகள் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். தங்கக் கிண்ணம் மலைக்கு அந்தப் பக்கமே கிடந்தது. எட்டு மாத அலைச்சல் அவ்வளவும் வீண். ரெனீ அப்படி ஒரு சந்தோஷமான தோல்வியை அந்த மேசையில் கண்டதே இல்லை.

மாடிப்படியில் இறங்கும்போது கொர்னேலியஸ் அவளுக்காக நின்றான். எல்வின் லோரியை எடுக்க முன்னால் போய்விட்டான்.

"ஒண்ணு சொல்லணும்ங்க," என்றான். "எங்க வீட்டுலேர்ந்து உங்கம்மாவக் கேட்டோம். உங்க சித்தப்பாவக் கேட்டோம். ஃபாதரக் கூடக் கேட்டோம். உங்கள ஒரு வார்த்த கேக்கல. நீங்க கேட்டப்பதான் எனக்கு ஒறச்சுது. எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. கிளினிக்லயே பிடிச்சிருந்துச்சு. ஆனா உங்களுக்கு வேணாம்னா நீங்க சொல்லி உங்கம்மாகிட்ட பேச்சு வாங்க வேணாம். நானே எங்கம்மாகிட்ட, எனக்குப் பொண்ணப் பிடிக்கலன்னு சொல்லிக்கறேன். பழி என் மேல இருக்கட்டும்."

ரெனீ அந்த இடத்திலேயே, அந்தப் படியிலேயே சரி என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அவளுக்குள் இருந்த குறும்பு சும்மா இருக்கவில்லை. லைனே கூடிச் சதி செய்ததே, கொஞ்ச நேரம் எல்லாரும் தவிக்கட்டும், இந்த நல்லவரும் சேர்ந்து தவிக்கட்டும் என்று தோன்றியது. முகத்தை மரக்கட்டையாக வைத்துக்கொண்டு, "மழ விட்டுருச்சு, போலாம்," என்று மட்டும் சொன்னாள். கொர்னேலியஸ் மெல்லத் தலையாட்டினான்.

லோரியின் முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எல்வின் மட்டும் வழி முழுவதும், காப்பு எடுத்திருந்தால் கிண்ணம் கிடைத்திருக்கும் என்று புலம்பிக்கொண்டே ஓட்டினான். ரெனீ கண்ணாடிப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள். கொர்னேலியஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்கம் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

வீட்டுக்குள் பார்பரா நல்ல கோப்பைகளை எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். கொர்னேலியஸின் அம்மா சோபாவில், மணியம்மா சமையலறை வாசலில். உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாகப் பார்பரா கேட்டாள்.

"காப்புதானேப்பா?"

"செத்தவங்கள எழுப்புனாரும்மா," என்றான் எல்வின்.

மணியம்மாவின் கையிலிருந்த முறுக்குத் தட்டு சாய்ந்தது. பார்பரா சிலுவை போட்டுக்கொண்டாள். கொர்னேலியஸின் அம்மா மகனை மேலும் கீழும் பார்த்தாள். ரெனீக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் இதை முடித்துவிடக் கூடாது என்று ஒரு முறுக்கை எடுத்து நிதானமாகக் கடித்தாள்.

"அது கெடக்கட்டும்," என்றாள் கொர்னேலியஸின் அம்மா. "நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு வந்துட்டீங்க. பதில் என்னப்பா?"

கொர்னேலியஸ் ரெனீயைப் பார்த்தான். அவள் முறுக்கை மென்றுகொண்டிருந்தாள், கல்லுப் பிள்ளையார் மாதிரி முகம். அவன் பார்வையை இறக்கிக்கொண்டான். கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு முறை மூச்சை இழுத்து விட்டான்.

"அம்மா," என்றான், "எனக்கு இந்தப் பொண்ணப்..."

ரெனீக்கு உச்சந்தலையில் இடி விழுந்தாற்போல விளங்கியது. படியில் அவள் பேசாமல் இருந்ததை இந்த மனுஷன் வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டுவிட்டான். வழி முழுவதும் அவன் விழுங்கிக்கொண்டு வந்தது வெட்கத்தை அல்ல. சொன்னால் சொன்னபடி செய்கிறவன், இப்போது அவளுக்காக, அவள் அம்மா முன்னால், தன் அம்மாவிடம் பச்சைப் பொய் சொல்லப்போகிறான்.

"எனக்குப் பிடிச்சிருக்கு," என்று ரெனீ கத்தினாள்.

வாயிலிருந்த முறுக்குத் தூள் சோபா வரைக்கும் பறந்தது. லைனில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. இத்தனை வருஷத்தில் மகளின் குரல் அவ்வளவு உயர்ந்து பார்பரா கேட்டதே இல்லை.

"எனக்குத்தான் பிடிச்சிருக்கு," என்றாள் மறுபடியும், இந்தத் தடவை அவனைப் பார்த்து. "நீங்க வேற எதையும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

கொர்னேலியஸ் திறந்த வாயை மூட மறந்து நின்றான். கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் அவனுக்குத் தெரியவில்லை. "நா கேக்கலயேங்க இன்னும்," என்றான்.

"அப்ப கேளுங்க," என்றாள் ரெனீ.

அத்தனை பேருக்கும் முன்னால் அவன் கேட்டான்.